பாலின்றி ஒரு பந்தி

பொங்கல் விழாவுக்கு இன்னும் சில திங்கள் இருக்கின்றன. எனினும் விருந்தைப் பற்றிய பேச்சு நம் சங்கத்தில் இப்பொழுதே சூடு பிடித்துவிட்டது. இவ்வாண்டுப் பந்தியில் பாலும் தயிரும் நெய்யும் இன்றி, முழுவதும் தாவர உணவாகவே பரிமாறலாம் என்று உறுப்பினர் சிலர் முன்மொழிந்தனர். "பால் பொங்காமல் பொங்கலா?" என்று ஒரு சாரார் வெகுண்டனர். "இது மேல்நாட்டிலிருந்து வந்த புது மோகம்" என்றனர் மற்றொரு சாரார். "இன்னும் ஒரு படி மேலே போய் எங்களை ஒதுக்கப் பார்க்கிறீர்களா?" என்று தாராவியிலிருந்து வரும் தோழர் ஒருவர் கேட்டார். முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை கூறுவது எளிது. மூன்றாவது கேள்வியோ நெஞ்சைத் தைப்பது. அதற்கு விடை கூறாமல் எந்த இலையையும் விரிக்க நமக்கு உரிமை இல்லை.

நான் அம்முன்மொழிவை ஆதரிப்பவள். வேதியியல் பயிலும் முதுநிலை மாணவி. நெல்லைச் சீமையிலிருந்து படிப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து, மாட்டுங்காவில் தோழியர் மூவரோடு தங்கி, முறை வைத்துச் சமைத்து உண்பவள். எங்கள் அடுக்களையில் ஓராண்டாகப் பாலும் முட்டையும் நுழைவதில்லை. எங்களுள் ஒருத்திக்குப் பால் செரிப்பதில்லை. இன்னொருத்தி உயிரிரக்கம் கருதி விட்டாள். மற்ற இருவரும் நட்புக் கருதியும் சிக்கனம் கருதியும் உடன்பட்டோம். அறைக்கு வெளியே யார் எதை உண்டாலும் கேட்பதில்லை என்பது எங்களுக்குள் உள்ள உடன்படிக்கை. இந்த அடுக்களை எனக்குக் கற்பித்ததையும், ஆய்வுக்கூடம் கற்பித்ததையும் வைத்தே எழுதுகிறேன். என் ஆதரவுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெயரில் உள்ள வேலி

1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவர் நண்பர் சிலரும் கூடி, பாலும் முட்டையும்கூட உண்ணாதோர்க்கென ஒரு கழகம் கண்டனர். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி 'வீகன்' என்று அதற்குப் பெயர் வைத்தனர். இன்று தமிழில் இதனை 'நனிசைவம்' என்று வழங்குகின்றனர். 'நனி' என்பது மிகுதியைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல்தான். ஆயினும் இந்தப் பெயரை நான் ஏற்பதற்கில்லை.

சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அது எவ்வாறோ உணவின் பெயராகி, பின்னர் பிறப்பின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. நாட்டில் பெரும்பாலோர் உண்ணும் உணவை 'அசைவம்' என்று எதிர்மறையாற் சுட்டுகிறோம். பெரும்பான்மையோர் தட்டில் உள்ளதற்கு ஓர் உடன்பாட்டுப் பெயர்கூட நாம் தரவில்லை. இந்நிலையில் 'நனிசைவம்' என்றால் என்ன பொருள்படும்? ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் மதிலின்மேல் இன்னும் இரண்டு வரிசைச் செங்கல் அடுக்குவதாகவே அது பொருள்படும். ஈழத்துத் தமிழர் 'மரக்கறிச் சாப்பாடு' என்கின்றனர். அச்சொல்லில் சமயமும் இல்லை, சாதியும் இல்லை. தட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே அது சொல்கிறது. அவ்வழியில் நாமும் 'தாவர உணவு' என்றே சொல்வோம்.

சொல்லைப் பற்றி இத்துணை வழக்காடுவானேன் என்று சிலர் எண்ணலாம். அறை தேடி நாங்கள் அலைந்த நாட்களில் ஒரு கட்டடத்தின் செயலர் எங்கள் படிப்பைக் கேட்கவில்லை, வாடகை கட்ட வகையுண்டா என்றும் கேட்கவில்லை. "என்ன சாப்பிடுவீர்கள்?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. எங்களுள் ஒருத்தி மீன் உண்பவள் என்றதும், எடுத்த சாவி மீண்டும் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. மும்பையில் வீடு தேடிய மாணவருள் பலர் இக்கதையைத் தம் கதையென்றே சொல்வர். உணவின் பெயரால் கதவடைக்கும் இந்நகரில், நாம் சூட்டும் பெயர் இன்னொரு பூட்டாகிவிடக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

பசுவின் இரு பக்கம்

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். 1896ஆம் ஆண்டு இந்நகரைத் தாக்கிய கொள்ளை நோய்க்குப் பின், 1898இல் அமைந்த பம்பாய் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, வடாலாப் பகுதிகளைத் திட்டமிட்டு அமைத்தது. எழுத்தர் வேலைக்கும் கணக்கர் வேலைக்கும் தெற்கேயிருந்து வந்தோர் மாட்டுங்காவில் குடியேறினர். அதே தெற்கிலிருந்து, பெரும்பாலும் நெல்லைச் சீமையிலிருந்து, தோல் பதனிடும் வேலைக்கு வந்தோர் தாராவியில் தங்கினர். ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாரும் ஒரே தண்டவாளத்தில் வந்து இறங்கியவர்களே. ஆனால் ஒரு சாரார் தெருவில் காப்பி மணத்தது. மறு சாரார் தெருவில் தோல் நாறியது. முன்னவர் தூயவர் எனப்பட்டனர், பின்னவர் தீட்டு எனப்பட்டனர்.

இப்போது ஓர் எளிய உயிரியல் உண்மையை நோக்குவோம். கன்று ஈனாத பசு பால் தராது. பால் வேண்டுமாயின் பசு திரும்பத் திரும்பக் கன்று ஈன வேண்டும். அவற்றுள் ஏறத்தாழப் பாதி காளைக் கன்றுகள். உழவுக்கு டிராக்டர் வந்தபின் அக்காளைக்கு வயலில் வேலை இல்லை. பால் வற்றிய பசுவுக்கும் தொழுவத்தில் இடம் இல்லை. 1949இல் இந்நகருக்கு ஆரே பால் குடியிருப்பு வந்தது. 1970இல் நாடெங்கும் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் தரும் நாடு நம் நாடே. இத்தனை பாலுக்குப் பின்னால் இத்தனை கன்றுகளும் வற்றிய பசுக்களும் உண்டு. அவற்றின் தோலை எடுத்து, சுண்ணாம்பிலும் துவர்ப்பிலும் ஊறவைத்து, பையாகவும் செருப்பாகவும் ஆக்கிய கை தாராவித் தமிழன் கை. பாலைக் குடித்த கையும் தோலைத் தொட்ட கையும் ஒரே பசுவைத்தான் பற்றியிருந்தன. ஒன்று எவ்வாறு தூய்மையாயிற்று, மற்றொன்று எவ்வாறு தீட்டாயிற்று?

2015ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் எருதையும் காளையையும் கொல்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. இறைச்சி உண்டோரும் தோல் தொழிலில் இருந்தோரும் அதன் இழப்பைச் சுமந்தனர். பால் குடிப்போரை அச்சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. உயிரிரக்கம் பேசுவோர் இந்த ஓரவஞ்சனையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாராவித் தோழருக்கு என் விடை இதுதான். நம் சங்கப் பந்தியில் இதுவரை இறைச்சி பரிமாறப்பட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் 'எல்லோருக்கும் பொது' என்ற பெயரால் விட்டுக்கொடுத்தவர் நீங்களே. நெய்யும் தயிரும் வழக்கம்போல் இலைக்கு வந்தன. இவ்வாண்டு முதன்முறையாக விட்டுக்கொடுக்கச் சொல்லப்படுகிறவர்கள் மறுபக்கத்தார். அது மட்டும் போதாது. முத்தமிழ் விழாவின் பகலுணவில் மீன்குழம்பும் இடம்பெற வேண்டும் என்று நானே முன்மொழியப் போகிறேன். பொங்கல் பந்தியில் தாவர உணவு, இன்னொரு விழாவில் அவரவர் ஊர் உணவு என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் முன்மொழிவில் நேர்மை இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டால் என் கை ஆதரவாக உயராது. இஃது என் இரண்டாம் நிபந்தனை.

மேல்நாட்டு மோகமா?

இனி, இது மேல்நாட்டுப் பழக்கம் என்போருக்கு வருவோம். ஒரு நாள் சமையலை விடியற்காலை முதல் எண்ணிப் பாருங்கள். இட்டலி, தேங்காய்ச் சட்டினி, சாம்பார் ஆகியவற்றில் பால் எங்கே இருக்கிறது? பகலில் சோறு, புளிக்குழம்பு, பருப்புத் துவையல், பொரியல், ரசம். இரவில் ஆப்பம், இடியாப்பம், கேழ்வரகுத் தோசை. எங்கள் ஊரில் மணமக்களுக்கு மறுவீட்டு விருந்தாக அளிக்கும் சொதி, தேங்காய்ப்பாலிலேயே வேகும் குழம்பு. சுண்டல், அதிரசம், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கருப்பட்டிக் காப்பி, மதுரைத் தெருவில் விற்கும் பருத்திப்பால் ஆகியவற்றுக்கு ஆங்கிலப் பெயர் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

2021ஆம் ஆண்டு, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவரப் பானங்களை 'பால்' என்ற பெயரில் விற்கலாகாது என்று நடவடிக்கை எடுத்தது. சந்தைக்கு அது சரியாக இருக்கலாம். தமிழுக்கு அது பொருந்தாது. தேங்காயிலிருந்து பிழிவதும் எள்ளிலிருந்து பிழிவதும் பருத்தி விதையிலிருந்து பிழிவதும் நம் மொழியில் பால்தான். சொல்லே இருக்கும்போது பழக்கம் மட்டும் எவ்வாறு வெளிநாட்டினதாகும்?

நாம் வாழும் இந்நகரின் உணவும் அவ்வாறே. உருளைக்கிழங்கைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டுச் சட்டினியோடு ரொட்டிக்குள் வைத்துத் தரும் வடாபாவ், தொழிலாளியின் பகலுணவு. போர்த்துக்கீசியர் வழியாக வந்த அந்தப் பாவ் ரொட்டி பெரும்பாலும் மாவும் நீரும் ஈஸ்டும் உப்பும் சிறிது எண்ணெயும் கொண்டதே. சோளரொட்டியும் கடலைமாவுக் கூட்டுமாகிய ஜுண்கா பாகர் மராட்டிய உழவரின் உணவு. அவலில் செய்யும் காந்தா போஹாவில் வெங்காயமும் கடலையும் எலுமிச்சையுமே உண்டு.

மாட்டுங்காவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸும், 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி உணவுச்சாலையும் தென்னாட்டு உணவை இந்நகருக்குப் பழக்கியவை. நிலையத்தை அடுத்த சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வாழையிலை என எதற்கும் குறைவில்லை. தாராவியில் விடியுமுன் வேகும் இட்டலி, மிதிவண்டிகளில் ஏறி நகரெங்கும் போகிறது. நூற்றுக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. அவ்விட்டலியைவிடப் பொதுவான தாவர உணவு இந்நகரில் உண்டா?

ஆகவே என் மூன்றாம் நிபந்தனை: கடைப் பெட்டியில் வரும் வாதுமைப் பாலையும் ஓட்ஸ் பாலையும் நம் பந்திக்கு வாங்க வேண்டாம். மாட்டுப் பாலைவிட அவற்றுக்கு விலை மிகுதி. தாவர உணவு என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அந்தப் பெட்டிகளால் வந்ததே. ஒரு தேங்காயை உடைத்து, துருவி, வெந்நீர் விட்டுப் பிழிந்தால் கிடைப்பதற்கு விளம்பரம் தேவையில்லை.

தயிரும் கேக்கும்

வீட்டில் தாவரச் சமையல் தொடங்குவோர்க்குத் தடையாக நிற்பவை மூன்று: தயிர், காப்பி, கேக். காப்பிக்குக் கருப்பட்டியும் சுக்கும் உண்டு. பாலின்றிக் கடுங்காப்பி குடிக்கவும் நாக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். மற்ற இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லலாம்.

தயிர்ச்சோற்றின் புளிப்பு, பாலால் வருவதன்று. நுண்ணுயிர்கள் ஆக்கும் லாக்டிக் அமிலத்தால் வருவது. அவ்வுயிர்கள் பாலில் மட்டும் வாழ்பவையல்ல. இட்டலி மாவைப் புளிக்க வைப்பவற்றுள் முதன்மையானது லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிர். அது வெளியிடும் கரியமில வாயுவை உளுந்தின் புரதமும் வழவழப்பும் பிடித்து வைக்கின்றன. அதனால் மாவு பொங்குகிறது. இரவு நீரில் போட்ட பழையசோறும் இவ்வகைப் புளிப்பே. கோடையில் பழையசோற்றோடு சின்ன வெங்காயம் கடித்து உண்பவர்க்குத் தயிர்ச்சோற்றின் நினைவு வராது. தயிரே வேண்டுமென்போர், ஊறவைத்த வேர்க்கடலையை அரைத்து, பிழிந்து, காய்ச்சி, இளஞ்சூட்டில் மிளகாய்க் காம்புகள் சிலவற்றை இட்டு மூடி வைக்கலாம். காம்பில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களே உறைகுத்திவிடும். முதல் நாள் தயிர் சற்று நெகிழ்ந்திருக்கும். அதையே உறையாக்கி மறுநாள் செய்தால் கெட்டிப்படும். மோர்க்குழம்புக்கு இது போதும். வேர்க்கடலை மணம் சிறிது இருக்கத்தான் செய்யும். பசுந்தயிரேதான் என்று பொய் சொல்லிப் பரிமாற வேண்டியதில்லை.

கேக்கில் முட்டைக்கு மூன்று வேலைகள். அடித்தால் நுரைத்துக் காற்றைப் பிடிக்கிறது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்க்கிறது. சூட்டில் உறைந்து கட்டுமானமாகிறது. இம்மூன்றையும் வேறு பொருள்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டால் முட்டை தேவையில்லை. காற்றுக்குச் சமையற் சோடாவும் புளிப்பும், கட்டுமானத்துக்குக் கோதுமைப் பசையும் மாவுச்சத்தும் போதும். உலகப் போர்க் காலத்தில் வெண்ணெய் பங்கீட்டுக்கு உட்பட்டபோது, அமெரிக்க வீடுகளில் இம்முறை பரவலாக இருந்தது.

எங்கள் அறையில் அடுப்பு ஒன்றுதான், அவன் இல்லை. குக்கரிலேயே சுடுகிறோம். முறை இது: ஒன்றரைக் கோப்பை மைதா, ஒரு கோப்பை சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி சமையற் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கோப்பை நீர், மூன்றில் ஒரு கோப்பை எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கியை வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தையும் குண்டையும் நீக்கிவிட்டு, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். வளையமும் குண்டும் நீக்குவதை மறக்கலாகாது. குக்கர் சூடேறிய பின்னரே மாவில் நீரைக் கலக்க வேண்டும். ஏனெனில் வினிகரும் சோடாவும் சேர்ந்த நொடியிலேயே வாயு கிளம்பிவிடும். காத்திருந்தால் அது பறந்துவிடும். மிகுதியாகக் கலக்கினால் கோதுமைப் பசை இறுகிக் கேக் ரப்பராகும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். வினிகர் சோடாவோடு சேர்ந்து தீர்ந்துவிடுவதால் கேக்கில் அதன் புளிப்பு இராது. நீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும், கோகோவுக்குப் பதிலாக ஏலமும், சர்க்கரைக்குப் பதிலாகப் பொடித்த நாட்டுச் சர்க்கரையும் இட்டால் அது நம் ஊர் மணமுள்ள கேக்காகிவிடும்.

இன்னொரு செய்தியும் சொல்லத் தக்கது. நவராத்திரிச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிறோம். அந்நீரை அடித்தால் முட்டை வெண்கரு போலவே வெண்ணுரையாகும் என்று 2014இல் பிரெஞ்சுக்காரராகிய ஜோயல் ரோஸெல் கண்டு சொன்னார். கடலையிலிருந்து கரைந்த புரதமும் சபோனின் என்னும் நுரைப்பொருளும் அதற்குக் காரணம். நாம் காலங்காலமாகச் சாக்கடையில் கொட்டியது, இன்று மேல்நாட்டு இனிப்புகளுக்கு அடிப்படையாகிறது. அறிவு எந்நாட்டிலிருந்து வந்தாலும் கொள்வோம். பொருள் நம் அடுக்களையிலேயே இருக்கிறது.

ஒரு சொல் எச்சரிக்கை. பாலில்லை என்பதனாலேயே ஓர் உணவு நன்மையாகிவிடாது. நெய்க்கு மாற்றாக இந்நாட்டில் 1930களில் பரவிய வனஸ்பதி தாவர எண்ணெய்தான். எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது அதில் உருவான மாறுபக்கக் கொழுப்பு இதயத்துக்குக் கேடு செய்தது. 2022ஆம் ஆண்டு முதல் உணவில் உள்ள கொழுப்பில் அது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாதென்று விதி வந்தது. மலிவான அடுமனைப் பண்டம் வாங்குமுன் இதை நினைவில் வைப்பது நன்று.

உடலுக்கு ஏற்குமா?

இக்கேள்வியை உணர்ச்சியால் தீர்க்க முடியாது. புரதத்தைப் பொறுத்தவரை அச்சமில்லை. அரிசியில் குறையும் லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோறும் பருப்பும், இட்டலியில் அரிசியும் உளுந்தும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. சுண்ணாம்புச் சத்து, நூறு கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். ஆயினும் தானியத்திலும் எள்ளிலும் உள்ள பைட்டேட், ஆக்சலேட் முதலியவை அச்சத்து முழுவதும் உடலில் சேராமல் தடுக்கும். முளைகட்டுவதும் புளிக்க வைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். கீரையோடு எலுமிச்சை பிழிந்துண்டால் இரும்புச் சத்து நன்கு சேரும்.

ஆனால் வைட்டமின் பி12 வேறு வகை. நுண்ணுயிர்கள் மட்டுமே அதை ஆக்கவல்லன. பயிர்களில் அது இல்லை. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் இரண்டு மைக்ரோகிராம்தான். அது ஆண்டுக்கணக்கில் கிட்டாவிட்டால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். பழையசோற்றிலும் பாசியிலும் அது போதிய அளவு கிடைக்கும் என்று சொல்வோரை நம்பி இருந்துவிடக் கூடாது. தாவர உணவே உண்போர் மாத்திரையாகவோ, செறிவூட்டிய உணவாகவோ அதனைப் பெற்றே ஆக வேண்டும். எங்கள் அறையில் ஞாயிறுதோறும் மாத்திரை நாள். மருந்துக்கடை மாத்திரையும் நுண்ணுயிரை வளர்த்து எடுத்ததுதான். அதில் இழுக்கொன்றும் இல்லை.

காந்தியடிகள் 1912இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலைத் துறந்தார். 1918இல் கடும் நோயுற்றபின், பால் குடித்தாலன்றி உடல் தேறாது என்று மருத்துவர் வற்புறுத்தினார். ஆட்டுப் பாலுக்கு விரதம் இல்லையே என்று கஸ்தூரிபாய் சொல்ல, அடிகள் இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளை விட்டேன் என்ற வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை. பி12 தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். அடிகள் மறைந்த ஆண்டும் அதுவே. அவர் காலத்தில் இல்லாத அறிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு வெறும் உறுதியால் உடலை வருத்துவது அறிவுடைமை ஆகாது. நோயாளிகளும் கருவுற்றோரும் வளரும் பிள்ளைகளும் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

மறுபுறம், பாலே எல்லோர்க்கும் அமிர்தம் என்பதும் உண்மையன்று. குழந்தைப் பருவம் கடந்தபின் பலருடைய குடலில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைந்துவிடுகிறது. வடமேற்கு இந்தியரைவிடத் தென்னாட்டாரிடையே இது மிகுதி. பாயசம் உண்டபின் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் தோழி நோயாளியல்லள். அவள் உடலின் இயல்பு அது.

அரைப்பவர் யார்?

இறுதியாக, இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்றை நான் கேட்கிறேன். தேங்காயைத் துருவுவது யார்? வேர்க்கடலையை அரைத்துப் பிழிவது யார்? பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினால் பால். தேங்காய்ப்பாலுக்கோ அரை மணி நேர வேலை. ஒரு வீட்டில் மகன் உயிரிரக்கத்தால் பாலை விட்டுவிட்டேன் என்று அறிவிக்கிறான். ஊர் அவனைப் போற்றுகிறது. அவனுக்காகத் தனிக் குழம்பும் தனி இனிப்பும் செய்யும் தாயின் தோள் வலி யார் கணக்கில் எழுதப்படுகிறது? என் ஆச்சி சொதி வைக்கும் நாளில், மூன்று பால் பிழிந்து முடிப்பதற்குள் முற்பகல் போய்விடும். உண்டவர் பாராட்டியது சொதியை. துருவிய கையை யாரும் பார்த்ததில்லை.

ஆகவே என் நான்காம் நிபந்தனை இது. பந்திக்கு முந்தின நாள், சங்கத்து ஆண்மக்கள் துருவலகையின் முன் அமர வேண்டும். ஐம்பது தேங்காய் துருவட்டும், அரிசி களையட்டும், வெங்காயம் உரிக்கட்டும். செய்முறை வகுப்பில் குடுவையும் பிப்பெட்டும் பிடிக்கத் தெரிந்த கைக்கு அகப்பை பிடிக்கத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பால் பொங்காத பொங்கல்

எஞ்சி நிற்பது, பாலின்றிப் பொங்கல் உண்டா என்னும் கேள்வி. பானை பொங்குவது பாலால் மட்டுமன்று. அரிசி களைந்த நீரில் கரைந்துள்ள மாவுச்சத்து, கொதிக்கும்போது எழும் குமிழிகளை உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனாலேயே நுரை பானையின் கழுத்தைத் தாண்டி வழிகிறது. களைந்த நீரை உலைக்கு வைத்தால் பானை தானே பொங்கும். அரிசியும் நாலில் ஒரு பங்கு பாசிப்பருப்பும் குழைய வெந்தபின் வெல்லப்பாகைச் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் கெட்டியான முதற் தேங்காய்ப்பாலை ஊற்ற வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். முந்திரியைத் தேங்காயெண்ணெயில் வறுத்துப் போட்டு, ஏலத்தைத் தூவினால் சர்க்கரைப் பொங்கல் ஆயிற்று. நெய் மணம் இராது என்பது உண்மையே. தேங்காய் மணம் இருக்கும்.

பொங்கல் உழவர் திருநாள். மறுநாள் மாட்டுக்கு நன்றி சொல்லும் நாள். ஆண்டு முழுதும் அதனிடமிருந்து பெறுகிறோம். ஒரு நாள் ஒன்றும் பெறாமல் நன்றி மட்டும் சொல்வது விழாவின் கருத்துக்கு மாறானதா, இசைந்ததா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அன்பர்களே, எல்லோரும் என்றென்றும் பாலை விட்டுவிட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஒரு நாள், ஒரு பந்தியில், மாட்டுங்காவிலிருந்து வருபவரும் தாராவியிலிருந்து வருபவரும் செம்பூரிலிருந்து வருபவரும் ஒரே வரிசையில் அமர்ந்து, யாரும் எதையும் ஒதுக்கி வைக்காமல் இலையை முடிக்கலாம் என்பதே என் வேண்டுகோள். பெயரில் வேலி வேண்டாம். இன்னொரு விழாவில் மீன்குழம்பு மறுக்கப்பட வேண்டாம். கடைப் பெட்டி வேண்டாம். வேலையில் ஆண் பெண் வேறுபாடு வேண்டாம். இந்நான்கையும் ஏற்று, வரும் பொதுக்குழுவில் இம்முன்மொழிவை நிறைவேற்றித் தாருங்கள். துருவலகைகள் நான்கு எங்கள் தெருவில் இரவல் கிடைக்கும். நானே கொண்டு வருகிறேன்.